குதிரைமலைக் கோட்டான்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை அனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் எழுதியிருந்தனர். அதிபர்களின் பெருமையையும், துடுப்பாட்ட மைதானத்து வெற்றிகளையும், விடுதிச் சாப்பாட்டின் சுவையையும் என்னினும் நன்கறிந்தோர் எழுதுவர். நானோ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கிலாந்தின் வடமேற்கிலே லங்காசயர் மாகாணத்தில் வாழ்பவன். இலையுதிர் காலம் வந்ததும் மேட்டு நிலங்களிலும் ஆற்றுமுகச் சதுப்புகளிலும் பறவை பார்த்துத் திரிவதே என் பொழுதுபோக்கு. அப்பழக்கத்தின் வித்து எமது கல்லூரியிலேதான் விழுந்தது. அதன் வழியாக நான் பெற்ற பாடமும், எமது கல்லூரியிற் படித்துப் பின் மறந்த பாடமே. ஆகவே அதனை எழுதுவது பொருந்தும் என எண்ணுகின்றேன்.

1960 களின் நடுப்பகுதி. ஒரு மார்கழி விடுமுறையில் எமது விலங்கியல் ஆசிரியர் எங்களில் ஏழெட்டுப் பேரைத் துவிச்சக்கர வண்டிகளில் நாவற்குழிப் பாலத்தடிக்கு அழைத்துச் சென்றார். நீரேரியின் ஓரத்திலே, சேற்று நிறத்தில், கோழியினும் பெரிய ஒரு பறவை நின்றது. அதன் அலகு ஒரு சாண் நீளம். அரிவாள் போற் கீழ்நோக்கி வளைந்திருந்தது. “இதுதான் குதிரைமலைக் கோட்டான்” என்றார் ஆசிரியர். நாங்கள் சிரித்துவிட்டோம். எங்கள் வீடுகளிற் கோட்டான் என்றால் ஆந்தை. அன்றேல் விழித்துக்கொண்டிருக்கும் மூடனுக்கு வழங்கும் வசை. ஆசிரியர் கோபிக்கவில்லை. குதிரைமலை வில்பத்துக் கரையிலுள்ள ஒரு கடல்முனை என்றும், அப்பக்கத்துக் கரைகளில் மிகுதியாகக் காணப்பட்டமையால் இப்பெயர் வந்திருக்கலாம் என்றும் விளக்கினார். பிறகு ஒவ்வொருவர் கையிலும் பென்சிலைக் கொடுத்து, எத்தனை நிற்கின்றன என்று எண்ணி எழுதச் சொன்னார். நான் பதினான்கு என்று எழுதினேன். பக்கத்தில் நின்றவன் பன்னிரண்டு என்று எழுதியதைக் கண்டு, அவன் கணக்கிற் கெட்டிக்காரன் ஆகையால், என்னுடையதை அழித்துப் பன்னிரண்டு ஆக்கினேன். ஆசிரியர் அதைக் கவனித்துவிட்டார். “கண்டதை எழுது. காணாததைக் காணவில்லை என்று எழுது. அடுத்தவன் கண்ணால் நீ பார்க்காதே” என்றார். அவ்வளவே. கையோங்கவுமில்லை, பெயர் சொல்லி அழைக்கவுமில்லை. ஆயினும் எனக்கு உடல் குன்றியது.

அடுத்த மாதமே அப்பறவையை வேறொரு விதத்தில் அறிந்தேன். எனது மாமா ஒருவரிடம் துவக்கு இருந்தது. அவர் நீரேரிப் பக்கம் போய் ஒரு கோட்டானைச் சுட்டு வந்தார். அதைக் காலிற் பிடித்துத் தூக்கிவரும் பணி எனக்கு. எங்கள் வீடு சைவம்; மாமி வைத்த குழம்பை அவர்கள் வீட்டிலிருந்தே தின்றேன்; அம்மாவுக்குச் சொல்லவில்லை. சேற்று நாற்றம் இலேசாக இருந்தது. இன்றும் நினைவில் நிற்பது சுவையன்று, பறவையின் பாரமின்மை. அத்தனை பெரிய உருவம் ஒரு கொப்பிக்கட்டின் பாரத்துக்கு மேல் இல்லை. கல்லூரி நூல்நிலையத்தில், 1955 இல் வெளிவந்த ஹென்றியின் இலங்கைப் பறவைகள் நூலை எடுத்து அதன் படத்தைப் பார்த்தேன். அது எமது நாட்டில் முட்டையிடுவதில்லை, வடக்கேயிருந்து வந்து மாரியைக் கழித்துப் போவது என்று கண்டேன். விருந்தாளியைக் கொன்று தின்றோம் என்ற எண்ணம் அன்றுதான் தோன்றியது.

இங்கிலாந்துக்கு வந்து பல ஆண்டுகள் பறவைகளை நினைக்க நேரமிருக்கவில்லை. ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, லங்காஸ்ரர் நகருக்குக் கிழக்கேயுள்ள பௌலண்ட் மேட்டு நிலத்துக்கு உலாவச் சென்றேன். மரமில்லாத, காற்றடிக்கும், கருமண் சதுப்பான உயர்நிலம் அது. எமது ஹோர்ட்டன் சமவெளியைப் பார்த்தவர்கள் ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். ஹெதர் என்னும் குறுஞ்செடி முழங்கால் உயரத்துக்கு அடர்ந்து கிடக்கும். அங்கே தலைக்குமேல் ஒரு குரல் எழுந்தது. முதலில் தனித்தனித் துளிகளாக, பின்னர் விரைந்து, இறுதியில் நீர் கொதிப்பது போன்ற நீண்ட நடுக்கமாக. அண்ணாந்து பார்த்தேன். வளைந்த அலகு. நாவற்குழியில் ஊமை போல் நின்ற பறவை இங்கே பாடிக்கொண்டிருந்தது. அதன் வீடு இதுவென்று அப்போதுதான் விளங்கிற்று.

அந்த மகிழ்ச்சியில் ஒக்டோபரில் மீண்டும் அதே மேட்டுக்குப் போனேன். ஒரு கோட்டானுமில்லை. ஹெதரின் ஊதாப்பூ ஆவணியோடு முடிந்து, நிலம் தேயிலைத்தூள் நிறத்தில் இருந்தது. பன்னப் புதர்கள் துரு நிறம் கொண்டிருந்தன. செங்கௌதாரி போன்ற குரௌஸ் பறவைகள் காலடியிலிருந்து சிறகடித்தெழுந்து, “போ, போ” என்று விரட்டுவது போல ஒலித்தன. வேறு சத்தமில்லை. அங்கே ஒரு கற்கோபுரம் உண்டு. 1887 இல் விக்ரோறியா மகாராணியின் பொன்விழாவுக்குக் கட்டப்பட்டமையால் யூபிலிக் கோபுரம் என்பர். அதில் ஏறி நின்றபோது மேற்கே லூன் ஆற்றின் வாயும், அதற்கப்பால் மோர்கம் குடாவும் வெள்ளிப் பாளமாய் விரிந்து கிடந்தன. கோபுரத்தில் முதிய ஆங்கிலேயர் ஒருவர் தொலைநோக்கியுடன் நின்றார். “எதைத் தேடுகிறீர்கள்?” என்று கேட்டார். சொன்னேன். அவர் குடாவின் பக்கம் கையை நீட்டி, “அவை ஆடி மாதமே இறங்கிவிட்டன. குஞ்சு பொரித்த வேலை முடிந்ததும் கடற்கரைக்குப் போய்விடும்” என்றார். அன்று தொடங்கிய நட்பு அவர் காலமாகும் வரை பதினெட்டு ஆண்டுகள் நீடித்தது. அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இரு தேசங்களிலும் எனக்குப் பறவை காட்டியவர்கள் ஆசிரியர்களே.

அவரோடு கழித்த இலையுதிர் கால நாட்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. விடியற்காலையில் மேடு, நண்பகலுக்குப் பின் சதுப்பு, கடல் பெருகும் நேரத்தைப் பொறுத்து இவை மாறும். மேட்டிலே நாங்கள் தேடியது பூனைப் பருந்து. ஆண் சாம்பல் நிறம், சிறகு நுனி கருமை. பெண் கபிலம், வாலடி வெள்ளை. அது தரையை ஒட்டித் தாழ்ந்து, செடிகளின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறியிறங்கிப் பறக்கும் அழகு தனி. பௌலண்ட் அதற்குப் பேர்போன இடம். ஆயினும் குரௌஸ் வேட்டைக்காக இம்மேடுகள் பேணப்படுவதால், குஞ்சுகளைத் தின்னும் இப்பருந்தைச் சட்டத்துக்கு மாறாகக் கொல்வோரும் இருந்தனர். 2013 இல் இங்கிலாந்து முழுவதிலும் ஒரு கூட்டிலேனும் குஞ்சு தேறவில்லை. பின்னர் நிலைமை ஓரளவு சீர்ப்பட்டது.

மேட்டிலிருந்து காரில் அரைமணி நேரத்தில் சதுப்புக்கு வந்துவிடலாம். மோர்கம் குடா பிரித்தானியாவின் மிகப் பெரிய தொடர்ச்சியான சேற்று மணல்வெளி. ஏறத்தாழ 310 சதுர கிலோமீற்றர். எமது நீரேரியில் வற்றும் பெருக்கும் கணுக்கால் முழங்கால் அளவில் நடப்பது. இங்கே பெரும் பெருக்கு நாட்களில் நீர்மட்டம் பத்து மீற்றர் வரை உயரும். குதிரை ஓட்டத்தில் நீர் வரும் என்று அவ்வூரார் சொல்வது மிகையன்று. 2004 மாசி மாதத்து இரவொன்றில் சிப்பி பொறுக்கச் சென்ற சீனத் தொழிலாளர் இருபதுக்கு மேற்பட்டோர் இவ்வெளியில் மூழ்கி இறந்தனர். ஆகையால் நேர அட்டவணை பாராமல் எவரும் சேற்றில் இறங்கக்கூடாது என்பது நண்பரின் முதற் கட்டளை.

நாங்கள் பெரும்பாலும் சென்றது லூன் ஆற்று வாயிலுள்ள சண்டர்லண்ட் முனைக்கு. ஊருக்குச் செல்லும் தெருவே நாளுக்கு இருமுறை கடலில் மூழ்கும். தெரு மூழ்குமுன் போய்ச் சேர்ந்து, நீர் வடியும் வரை மறுகரையிற் காத்திருப்போம். பெருக்கு ஏற ஏற, சேற்றுவெளி எங்கும் சிதறி மேய்ந்த பறவைகள் இடமிழந்து உவர்ப்புல் மேட்டில் வந்து கூடும். எண்ணுவதற்கு அதுவே ஏற்ற வேளை. ஆர்க்டிக் பகுதியிலிருந்து வந்த நொற் உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் எழுந்து, ஒருகால் வெள்ளையாகவும் மறுகால் கருமையாகவும் புகைபோற் சுழலும். ஆள்காட்டிகள் தளர்ந்த சிறகோடு வரும். புரட்டாதி முதல் ஐஸ்லாந்திலிருந்தும் கிறீன்லாந்திலிருந்தும் இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் கோடு கோடாய் இரைந்து கொண்டு வரும். கோட்டான்கள் மட்டும் இச்சந்தடியில் சேராமல், ஒரு புறத்தில், காற்றுக்கு எதிர்முகமாக, ஊர்ச்சபைப் பெரியவர்கள் போல நிற்கும். மேட்டிற் கேட்ட பாட்டு இங்கே இல்லை. “கூர்லீ” என்ற ஒற்றைக் கூவல் மாத்திரம் எப்போதாவது எழும். அவற்றுட் சில பௌலண்டிலே பிறந்தவை. சில ஸ்கன்டினேவியாவிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் வந்தவை. நாவற்குழிக்கு வருவனவோ ருசியாவின் உட்பகுதியிலிருந்து தென்கிழக்காகப் பறக்கும் கிளையினம். உறவுதான், ஒரே பறவையன்று. நான் கண்ணீர் மல்க நினைத்துக்கொண்டது போல, யாழ்ப்பாணத்துக் கோட்டான் என்னைத் தேடி வரவில்லை.

ஆனால் வேறொருவர் வந்தார். ஒரு நாள் சேற்று வாய்க்காலின் ஓரத்தில் வெண்ணிறமாய் ஒன்று அசைந்தது. தொலைநோக்கியை வைத்துப் பார்த்தேன். கறுத்த அலகு, கறுத்த கால், மஞ்சட் பாதம். எமது வயற்கரையில் நிற்கும் அதே சின்னக் கொக்கு! நண்பர் மிகுந்த பரபரப்புடன், இது இந்நாட்டில் 1996 இலேதான் முதன்முதற் கூடு கட்டியது, இப்போது வடக்கு நோக்கிப் பரவுகிறது என்றார். “எங்கள் ஊரில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை” என்றேன். “அப்படியானால் உங்கள் ஊரார் பணக்காரர்” என்றார் அவர். இப்போது ஒரே நாளில் இருபது முப்பது காண்கிறேன்; இவ்வூராரும் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டனர்.

அம்முனையின் மேற்குப் புறத்தில், கடலைப் பார்த்தபடி, ஒரு தனிக் கல்லறை உண்டு. லங்காஸ்ரர் அடிமை வாணிகம் நடத்திய துறைமுகமாயிருந்த காலத்தில், 1736 அளவிற் கப்பலில் வந்து இறந்த கறுப்பின இளைஞன் ஒருவனுடையது. சாம்போ என்று பிறர் இட்ட பெயரொன்றே தெரியும். அவன் தாய் இட்ட பெயர் எவருக்கும் தெரியாது. குழந்தைகள் நிறந்தீட்டிய கற்களை அதன்மீது வைத்துச் செல்வர். பெருக்கு வடியக் காத்திருக்கும் வேளைகளில் அவ்விடத்தில் நிற்பேன். பறவைக்கு வலசை உண்டு, திரும்பும் பருவம் உண்டு. மனிதர் எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகின்றேன். பிரித்தானியாவில் நீர்ப்பறவைகளை மாதந்தோறும் குறித்த நாளில் எண்ணுகின்றனர். இவ்வழக்கம் 1947 இல் தொடங்கியது. எண்ணுவோர் சம்பளம் பெறும் உத்தியோகத்தர் அல்லர். பெரும்பாலும் என்போன்ற சாதாரண மக்கள். நண்பர் தம் பகுதியின் ஒரு துண்டை என்னிடம் ஒப்படைத்தார். முதலில் ஆர்வத்தோடு எண்ணினேன். பத்துப் பத்தாக, பெருங்கூட்டமாயின் ஐம்பது ஐம்பதாகப் பிரித்து, இருமுறை எண்ணிச் சரிபார்த்து எழுதுவேன். சில ஆண்டுகளில் ஆர்வம் வழக்கமாயிற்று, வழக்கம் அலுப்பாயிற்று.

ஓர் ஒக்டோபர் ஞாயிறு. மழை கிடையாக அடித்தது. காரை விட்டிறங்காமல், கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கிப் பார்த்தேன். சாம்பல் திரை ஒன்றே தெரிந்தது. சென்ற மாதம் கோட்டான் 310 என்று எழுதியிருந்தேன். இம்மாதம் கொஞ்சம் கூடுவது இயல்பு. ஆகவே 340 என்று எழுதினேன். மற்றவற்றுக்கும் அவ்வாறே எண்களைப் பொருத்தி, மறுநாள் நண்பரிடம் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நேற்று எனக்கு என் கையே தெரியவில்லை. உங்களுக்கு 340 தெரிந்ததா?” என்றார். பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. “இல்லை” என்றேன்.

அவர் கடிந்துகொள்ளவில்லை. தாளை மடித்து அடுப்பில் இட்டார். புதிய தாளை எடுத்து, எல்லாக் கட்டங்களுக்கும் குறுக்கே “எண்ணவில்லை” என்று எழுதினார். பிறகு தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: “பூச்சியம் என்பது ஒரு விடை. எண்ணவில்லை என்பதும் ஒரு விடை. 340 என்பது விடையன்று. இப்பறவை குறைந்து வருகிறது என்று நாம் சந்தேகிக்கிறோம். அது உண்மையானால், முதலில் அறியவேண்டியவை இந்தத் தாள்கள். நீங்கள் வழக்கம் போல் எண் போட்டுக்கொண்டு போனால், கோட்டான் முழுவதும் அழிந்த பிறகும் உங்கள் தாளில் அது வாழ்ந்துகொண்டிருக்கும்.”

நாவற்குழிப் பாலத்தடியும், அழிறப்பர் தேய்த்த பதினான்கும், ஆசிரியரின் முகமும் ஒருசேர என் முன் நின்றன. ஐம்பது வயதை அணுகிய ஒருவன் பதினாறு வயதிற் பெற்ற பாடத்தை இரண்டாம் முறை படிக்க நேர்ந்தது. அன்று மாலை வீடு திரும்பியதும் பழைய தாள்களின் பிரதிகளை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான்கு மாதங்களின் எண்கள் பற்றி என் மனச்சாட்சி உறுதி கூறவில்லை. அவற்றையும் எழுதிக் கொடுத்து நீக்கச் செய்தேன். வெட்கமாயிருந்தது, ஆனால் அன்றிரவு நன்றாக உறங்கினேன்.

நண்பரின் சந்தேகம் பின்னர் உண்மையாயிற்று. 1990 களின் நடுப்பகுதியிலிருந்து பிரித்தானியாவிற் கூடுகட்டும் கோட்டான்கள் ஏறத்தாழ அரைவாசியாகிவிட்டன. உலகில் இவ்வினம் கூடுகட்டுவனவற்றில் நான்கில் ஒரு பங்கு இத்தீவிலே என்று கணக்கிடப்பட்டுள்ளமையால், இஃது ஒரு நாட்டின் நட்டம் மட்டுமன்று. 2015 இல் இதனை அபாய நிலையிலுள்ள பறவைகளின் செம்பட்டியலிற் சேர்த்தனர். வளர்ந்த பறவைகள் நெடுங்காலம் வாழ்வன; வளையமிட்ட ஒன்று முப்பது ஆண்டுகளைக் கடந்தும் வாழ்ந்ததாகப் பதிவுண்டு. குறை குஞ்சுகளிலேயே. கூடு தரையில் இருப்பதால் நரியும் காகமும் முட்டையைக் கவர்கின்றன. ஈரப்புல் நிலங்கள் வடிக்கப்பட்டு, புல் முன்னரிலும் வேளைக்கு, அடிக்கடி அறுக்கப்படுவதால் குஞ்சு அரிவாளுக்கு இரையாகின்றது. முதியவை நீண்டகாலம் வாழ்வதால், கடற்கரையிற் கூட்டம் நிறைந்தே தோன்றும். கண்ணை மட்டும் நம்பியவன், எல்லாம் நலமே என்பான். ஆண்டாண்டாய் எழுதிய எண்களே உண்மையைக் கூறின.

எண்ணுவார் இல்லாத உறவினம் ஒன்றின் கதையும் உண்டு. மெல்லிய அலகுடைய வேறொரு கோட்டான் மேற்கு சைபீரியாவிலிருந்து மத்தியதரைக் கடற்பக்கம் வந்து போயிற்று. அதன் அருமையை உலகம் உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. ஐயத்துக்கிடமின்றி இறுதியாகக் காணப்பட்டது 1995 மாசியில், மொறொக்கோ நாட்டுக் கடலோரக் களப்பொன்றில். 2025 இல் அது உலகிலிருந்து அற்றுப்போன இனம் என அறிவிக்கப்பட்டது. மாமா வீட்டுக் குழம்பை நினைத்து நான் மட்டும் நாணவேண்டியதில்லை. பிரித்தானியாவிலும் 1981 ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை கோட்டானைச் சுட்டுத் தின்னத் தடையிருக்கவில்லை. ஆனால் அற்றுப்போனதைக் கணக்கெடுத்து மீட்க எந்த நாட்டாலும் இயலாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் ஊருக்கு வந்தபோது, நாவற்குழிப் பாலத்தடியில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். போர் நடந்த நெடிய ஆண்டுகளில் எமது நீரேரிக் கரைகளில் நின்று பறவை எண்ணுவது நினைக்கவும் இயலாத காரியமாயிருந்தது. மனிதரின் எண்ணிக்கையே தவறிய காலம் அது. அவ்வாண்டுகளுக்குரிய கட்டங்களில் “எண்ணவில்லை” என்றே எழுதவேண்டும். வேறு எதை எழுதினும் பொய். அன்று காலை நீர் வற்றியிருந்தது. தூரத்தில் கடற்றொழிலாளர் ஒருவர் இடுப்பளவு நீரில் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். சேற்றின் விளிம்பில் வளைந்த அலகுகள் தெரிந்தன. மெல்ல, இருமுறை எண்ணினேன். ஒன்பது. ஆசிரியர் இன்று இல்லை. பக்கத்தில் நின்று பார்த்து எழுதவும் எவருமில்லை. ஒன்பது என்றே எழுதினேன்.

ஆண்டுதோறும் தை மாதத்தில் ஆசிய நாடுகளெங்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. இலங்கையில் அதனை நடத்துவது 1943 இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகம். 2010 இல் மன்னார் வங்காலைச் சரணாலயம் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 1938 முதல் சரணாலயமாயிருந்த சுண்டிக்குளம் 2015 இல் தேசிய பூங்காவாயிற்று. இவையெல்லாம் எமது கல்லூரி வாயிலிலிருந்து சில மணிநேரப் பயணத்தில் உள்ளன. நாவற்குழிக்கோ துவிச்சக்கர வண்டியே போதும். மாணவர் நால்வர், மாதம் ஒரு காலை, ஒரு பென்சில், ஒரு கொப்பி. இவற்றுக்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. பத்தாண்டு தொடர்ந்து எண்ணினால், எந்தப் பேராசிரியரிடமும் இல்லாத ஏடொன்று எமது கல்லூரியில் இருக்கும்.

நண்பர் காலமானபோது அவருடைய மனைவியார் அவரது தொலைநோக்கியை எனக்குத் தந்தார். எனக்கு இப்போது கண்ணும் காலும் தளர்ந்துவிட்டன. இந்த இலையுதிர் காலத்தோடு எண்ணும் பொறுப்பை ஓர் இளம்பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டேன். தொலைநோக்கியை எமது கல்லூரி விலங்கியல் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியுள்ளேன். அதனோடு ஒரு புதிய கொப்பியும் இருக்கும். அதன் முதற் பக்கத்தில், நாவற்குழியில் எமது ஆசிரியர் கூறிய இரண்டு வாக்கியங்களை மட்டும் எழுதியிருக்கின்றேன். எஞ்சிய பக்கங்கள் மாணவர்களுக்கு உரியவை. கோட்டான்கள் புரட்டாதியில் வந்து சேரும்.